நான்காம் நம்பர் பஸ்ஸுக்குக் கண்ணீர் அஞ்சலி

கணவன் செத்துப்போன செய்தியை வெர்கினியா ரொட்டிக்கடை வரிசையில் நின்றபோதுதான் கேள்விப்பட்டாள். முன்னால் நின்ற இரண்டு பெண்கள் திரும்பிப் பார்க்காமல் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி தபால்காரியிடம் கேட்டாளாம். தபால்காரி வேறு யாரோ சொல்லிக் கேட்டாளாம்.

"மேட்டுத் தெருவுல ரங்கெல் போயிட்டானாம்."

"எந்த ரங்கெல்?"

"நாலாம் நம்பர் பஸ் ஓட்டுவானே, அவன். கதவுல தாள் ஒட்டியிருக்காம். அஞ்சு மாசமா வீட்டை விட்டே வெளிய வரலையே, உள்ளயே முடிஞ்சிருக்கு."

"பொண்டாட்டி பாவம்."

"அவளுக்கென்ன, தாள் அடிக்கிறவளே அவதான். சொந்தக் கடை."

வெர்கினியா கழுத்துத் துணியை மூக்கு வரைக்கும் இழுத்து விட்டுக்கொண்டாள். ரங்கெலைச் சோபாவில் சுவரைப் பார்த்துப் படுத்த வாக்கில் விட்டுவிட்டு அவள் கிளம்பி ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது. கிளம்பும்போது முதுகு ஏறி இறங்குவதை நின்று பார்த்துவிட்டுத்தான் வந்தாள். கொஞ்ச நாளாகவே அது அவளுக்குப் பழக்கமாகியிருந்தது. ஆகவே செய்தி பொய். ஆனால் கதவில் தாள் ஒட்டியிருந்தது பொய்யில்லை. காலை ஏழு மணிக்கு அவளேதான் ஒட்டினாள்.

ராடினெட்ஸ் ஊரில் செத்தவர்களுக்கெல்லாம் தாள் வெர்கினியாவிடம்தான். ஆஸ்பத்திரியின் பின்வாசலுக்கு எதிரில் அவள் கடை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஓரத்தில் கறுப்புக் கோடு ஏற்கெனவே அச்சான தாள் கட்டுக்கட்டாக. கோடு இல்லாத வெள்ளைத் தாள் அவள் வாங்குவதே கிடையாது, தேவைப்பட்டதுமில்லை. படம், பெயர், பிறந்த வருஷம், போன வருஷம், துயரத்தில் வாடும் இன்னார். கோயிலுக்குப் போகிறவர் என்றால் மேலே சிலுவை, போகாதவர் என்றால் ஓர் இலைக்கொத்து. வீட்டுக் கதவில் ஒன்று, விளக்குக் கம்பத்தில் ஒன்று, பஸ் நிறுத்தத்தில் ஒன்று. நாற்பதாம் நாள் மறுபடி. ஆறாம் மாதம் மறுபடி. ஒட்டியதை யாரும் கிழிக்க மாட்டார்கள். மழையும் வெயிலும் எப்போது கிழிக்கிறதோ அப்போதுதான்.

அதற்கு முன்னால், அந்தக் காலத்துக் கம்யூனிஸ்ட் ஆட்சியில், அவள் இயந்திரத் தொழிற்சாலையில் எழுத்து வரைபவளாக இருந்தாள். பன்னிரண்டு வருஷம் சிவப்புத் துணியில் ஆள் உயர எழுத்தாக 'முன்னேறுவோம்', 'ஒன்றுபடுவோம்' என்று வரைந்தாள். வளைவுகளில் அவளை அடித்துக்கொள்ள மாவட்டத்திலேயே ஆள் கிடையாது என்று பாராட்டுப் பத்திரம்கூட வந்தது. பன்னிரண்டு வருஷத்தில் ஒருவர்கூட அதைப் படித்து அவள் பார்த்ததில்லை. 'முன்னேறுவோம்' மீது சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு வேலைக்குப் போவார்கள். தொழிற்சாலை மூடியபோது துணிகளை வீட்டுக்குக் கொண்டுவந்து தக்காளிச் செடிகளுக்குப் பனி மூடாக்காகப் போட்டாள்.

போன வசந்தத்தில் தலைநகர் சோஃபியாவிலிருந்து சில இளைஞர்கள் வந்தார்கள். கலையால் சமூகத்தை மாற்றுவது அவர்கள் திட்டம். அதற்கு எங்கிருந்தோ நிதியும் வந்திருந்தது. பஸ் நிலையச் சுவரில் பெரிய சூரியன் ஒன்றை வரைந்தார்கள், பல் தெரியச் சிரிக்கிற சூரியன். துணை மேயர் க்ராச்சுனோவ் நாடா வெட்டினார். பத்தாம் நாள் நகராட்சி நான்காம் நம்பர் பஸ்ஸை நிறுத்திவிட்டது. அதற்கப்புறம் மேட்டுத் தெருக்காரர்கள் மூன்று கிலோமீட்டர் ஏற்றம் ஏறும்போது, கீழே சூரியன் அவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தது.

அந்த பஸ்ஸை இருபத்தாறு வருஷம் ஓட்டியவன் ரங்கெல். நிறுத்திய அன்று வீட்டுக்கு வந்து, தொப்பியை ஆணியில் மாட்டி, சோபாவில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். சாப்பிட எழுவான், கழிப்பறைக்கு எழுவான், மறுபடி படுப்பான். டாக்டர் வந்து பார்த்துவிட்டு உடம்பில் ஒன்றுமில்லை என்றார். மகள் ஸ்பெயினிலிருந்து வீடியோவில் கூப்பிட்டு அழுதாள். அவன் சுவரைப் பார்த்தபடியே, "சரி, சரி" என்றான். அவனை எழுப்பி நிறுத்துவதைத் தவிர வெர்கினியாவுக்கு அந்த ஐந்து மாதமும் வேறு கவலையில்லை. கெஞ்சினாள், திட்டினாள், ஒருநாள் சோபாவையே விற்கப்போவதாகச் சொன்னாள். அவன் கால்களைக் கொஞ்சம் மடக்கிக்கொண்டான், தூக்குகிறவர்களுக்கு வசதியாக.

கடைசியில்தான், அவன் சிரித்தாலாவது போதும் என்று, தனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தாள். பஸ்ஸுக்கு ஒரு அஞ்சலித் தாள். 'எங்கள் அன்புக்குரிய நான்காம் நம்பர், 1991–2018.' மேலே இலைக்கொத்து, ஏனென்றால் பஸ்ஸுக்கு என்ன மதம் என்று அவளுக்குத் தெரியவில்லை. அவளிடமிருந்த ஒரே படத்தில் ரங்கெல் ஓட்டுநர் ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டிருந்தான். தலையை மறைக்க முயன்றால் பஸ்ஸின் முகமும் போய்விட்டது. போகட்டும் என்று விட்டுவிட்டாள். காலையில் கழிப்பறைக்கு எழும்போது வாசல் கண்ணாடியில் தாளின் நிழல் தெரிந்து, என்னவென்று கதவைத் திறந்து பார்ப்பான் என்று வெளிப்பக்கம் ஒட்டினாள்.

கறுப்புக் கோடு போட்ட தாளை இந்த ஊரில் யாரும் மூக்குக்கண்ணாடி போட்டுப் படிப்பதில்லை. படத்தைப் பார்ப்பார்கள், கதவைப் பார்ப்பார்கள், பூ வாங்கப் போய்விடுவார்கள்.

ரொட்டியோடு அவள் வீடு திரும்பியபோது வாசலில் பக்கத்து வீட்டு சோன்கா நின்றிருந்தாள். கையில் ஆறு சிவப்புப் பூ, செத்தவர்களுக்கு இரட்டைப்படையாகத்தான் கொடுக்க வேண்டும். மணியை அடித்துக்கொண்டே அழுதுகொண்டிருந்தாள். வெர்கினியா வாய் திறப்பதற்குள் கதவு திறந்தது. உள்ளாடையும் செருப்புமாக ரங்கெல் நின்றான்.

சோன்கா பூவைக் கீழே போட்டுவிட்டாள். பிறகு சுதாரித்துக்கொண்டு, "நீ சாகலையா?" என்றாள். குரலில் வருத்தத்தைவிடக் கோபம்தான் அதிகம்.

"யார் சொன்னது?"

"உன் கதவு சொல்லுது."

ரங்கெல் வெளியே வந்து தாளைப் பார்த்தான். முதலில் படத்தை, அப்புறம் எழுத்தை. வெர்கினியா அவன் வாயோரத்தையே பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

"தொண்ணூத்தொண்ணு இல்ல," என்றான். "எண்பத்தெட்டு. தொண்ணூத்தொண்ணுல இங்க வந்துச்சு. பொறந்தது எண்பத்தெட்டு. வண்டியைச் செஞ்ச ஹங்கேரிக்காரன் தகட்டுலயே அடிச்சிருக்கான்." கொஞ்சம் யோசித்தான். "இலை எதுக்குப் போட்ட? கண்ணாடிக்கு மேல இருபத்தாறு வருஷமா நிக்கோலா சாமி படம் தொங்குச்சு. சிலுவை போடு."

ஐந்து மாதத்தில் அவன் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். வெர்கினியா ரொட்டியைச் சோன்கா கையில் கொடுத்துவிட்டு நேராகக் கடைக்கு ஓடினாள்.

திருத்திய தாளை அவன் உட்கார்ந்தபடியே சரிபார்த்தான். உட்கார்ந்தபடியே, அதை அவள் மனதுக்குள் குறித்துக்கொண்டாள். "துயரத்தில் வாடும் பயணிகள்னு மட்டும் போட்டா எப்படி? நிறுத்தங்களையும் போடணும்," என்றான். பதினொரு நிறுத்தத்தின் பெயரையும் வரிசையாகச் சொன்னான். "ஒவ்வொரு ஸ்டாப்புலயும் ஒட்டு. சொந்தக்காரங்களுக்குத் தெரிய வேணாமா?"

அப்படித்தான் ஒட்டினாள். அவன் சிரிப்பதற்காகத் தொடங்கிய வேலை இப்போது அவன் படுக்காமல் இருப்பதற்காக நடந்தது. ஒரு வாரத்திற்குள் நிறுத்தங்களில் மெழுகுவர்த்தி எரிந்தது. ஆறாம் நிறுத்தத்தில் யாரோ ஒரு சிகரெட்டைப் பற்றவைத்து நட்டு வைத்திருந்தார்கள், பஸ் நிறையப் புகைக்கும் என்பதால். மூடிப்போன குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கும் நீச்சல்குளத்துக்கும் தாள் கேட்டு ஆட்கள் படத்தோடு கடைக்கு வந்தார்கள். தெருவிளக்கு ஒன்றின் படத்தைக் கொண்டுவந்த ஒருவர், "இது என்னோட மனைவி மாதிரி," என்றார். மனைவியே பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

"அவர் சொல்றதைப் போடும்மா," என்றாள். "விளக்கு எரிஞ்சப்ப நேரத்துக்காவது வீட்டுக்கு வருவாரு."

நகராட்சி சும்மா இருக்கவில்லை. கம்பங்களைச் சுத்தம் செய்கிற பென்கோவை அனுப்பியது. தேர்தல் சுவரொட்டிகளை நாளுக்கு ஐந்நூறு கிழிக்கிற ஆள் அவன். முதல் நிறுத்தத்தில் சுரண்டும் தகட்டை எடுத்தான், தொப்பியைக் கழற்றினான், மார்பில் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டான், தகட்டைத் திரும்பப் பையில் வைத்தான்.

மறுநாள் துணை மேயர் க்ராச்சுனோவ் நேரில் கடைக்கு வந்தார். ஒல்லியான, அவசரக்கார மனுஷர். பின்னால் பென்கோ நின்றான்.

"வெர்கினியா அம்மா, உயிரோட இருக்கிற பஸ்ஸைச் செத்துப்போச்சுன்னு ஊரெல்லாம் ஒட்டியிருக்கீங்க. தடத்தைத் தற்காலிகமா நிறுத்தி வெச்சிருக்கோம், அவ்வளவுதான்."

"அப்ப மூச்சு இருக்கா?"

"கோப்புல இருக்கு."

"பஸ் எங்க இருக்கு?"

க்ராச்சுனோவ் பிரிண்டரைப் பார்த்தார். "வித்தாச்சு," என்றார். உடனே குரலை உயர்த்தி, "நான் மறுப்பு ஒட்டப்போறேன். அதே அளவு, பக்கத்துலயே. நான்காம் நம்பர் சாகலைன்னு போட்டுக் கீழ என் கையெழுத்து. இன்னிக்கே வேணும். ஊர்ல வேற அச்சகம் இல்லாததால உங்ககிட்ட வந்தேன்."

"படம் வேணுமே. படம் இல்லாம யாரும் நிக்க மாட்டாங்க. பஸ் உயிரோட இருக்கிற படம் இருக்கா?"

இல்லை. அதனால் தன் படத்தையே கொடுத்தார். போன தேர்தலில் எடுத்தது, தலையைக் கொஞ்சம் சாய்த்து, இரக்கத்தோடு பார்க்கிற படம். வெர்கினியா கேட்டதைக் கேட்டபடி அடித்துக் கொடுத்தாள். அதில் அவளுக்கு எந்த உள்நோக்கமும் இல்லை. கடையில் இருந்தது ஒரே வகைத் தாள். அவசரத்தில் க்ராச்சுனோவ் அதைக் கவனிக்கவில்லை. இருபத்தைந்து வருஷமாகக் கறுப்புக் கோட்டைப் பார்த்துப் பார்த்து அவள் கண்ணுக்கு அது தெரிவதே நின்றுபோயிருந்தது.

மாலைக்குள் க்ராச்சுனோவின் மனைவிக்கு நாற்பது பேர் இரங்கல் சொல்லிவிட்டார்கள். பக்கத்து மாவட்டத்திலிருந்து அவர் அம்மா டாக்சி பிடித்து வந்து இறங்கினார். இறங்கியதும், இவ்வளவு அலையவிட்டதற்காக மகன் கன்னத்தில் ஒன்று வைத்தார். மூன்றாம் நாள் க்ராச்சுனோவ் காய்கறிக் கடைக்குப் போனபோது கடைக்காரர் தராசைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

"கிழிச்சுத் தொலை," என்று பென்கோவிடம் கத்தினார்.

"ஐயா, நீங்க உயிரோட இருக்கீங்கன்னு எனக்குத் தெரியும்," என்றான் பென்கோ. "கைக்குத் தெரிய மாட்டேங்குதே."

"அப்ப யார்தான் எடுப்பா?"

"துக்கம் காக்கிற வீட்டுக்காரங்க எடுக்கலாம். நாப்பது கழிஞ்சப்புறம். அது தப்பில்ல."

நாற்பதாம் நாளுக்கு மூன்று நாள் இருக்கும்போது க்ராச்சுனோவ் மறுபடி கடைக்கு வந்தார். இந்த முறை பிரிண்டருக்கு எதிரில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தே விட்டார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"சின்ன பஸ் ஒண்ணு எடுத்திருக்கோம். காலையில மூணு நடை, சாயங்காலம் மூணு நடை. திங்கள்கிழமையிலிருந்து. அந்த ஏத்தத்துல ஓட்ட உங்க வீட்டுக்காரரைத் தவிர யாரும் வரமாட்டேங்கிறாங்க. அவர் ஓட்டணும். பஸ்ஸுக்குத் துக்கம் காக்கிறவர்ங்கிற முறையில என்னோட தாளையும் அவர் கையாலயே எடுக்கணும்."

"அவரையே கேளுங்க."

"கேக்கிறேன். சனிக்கிழமை பதினொரு மணிக்கு போன் பண்றேன். அவர் வாயாலயே சரின்னு சொல்லணும். சொல்லலைன்னா நகர்மன்றம் அந்தப் பணத்தை வேற எதுக்காவது ஒதுக்கிடும். சுவர்ல இன்னொரு படம் வரையலாம்னு ஒருத்தர் சொல்லிட்டிருக்கார்."

வெர்கினியா ஓட்டமாக வீட்டுக்குப் போய்ச் சொன்னாள். ரங்கெல் மேஜையில் உட்கார்ந்து பஸ்ஸின் நாற்பதாம் நாளுக்கு அவிக்க வேண்டிய கோதுமையில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

"சரின்னு ஒரு வார்த்தை. சொல்லிடுவியா?"

"துக்கம் முடியட்டும்," என்றான்.

"முடிஞ்சு?"

அவன் ஒரு கல்லை எடுத்து வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தான். அன்று இரவு அவன் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்ததை அவள் கவனித்தாள். கோதுமை தீர்ந்ததும், தாள் கிழிந்ததும், இவன் மறுபடி பழையபடி ஆகிவிட்டால்? போனை அவள் எடுத்துச் சொல்ல முடியாது. அவன் வாயாலேயே வரவேண்டும்.

சனிக்கிழமை காலை முதல் நிறுத்தத்தில் ஐம்பது பேர் கூடிவிட்டார்கள். பாதிரியாரும் வந்திருந்தார். பஸ்ஸுக்குப் பூசை செய்ய முடியாது என்று இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர்.

"சாமி, வரமாட்டேன்னீங்க," என்றாள் சோன்கா.

"பாதிரியாரா வரல. பயணியா வந்திருக்கேன். அங்கியைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு அந்த ஏத்தத்தை நீ ஏறிப் பாரு."

வெர்கினியா அவித்த கோதுமையைக் காகிதக் கிண்ணங்களில் கொடுத்தாள். மேலே சர்க்கரையும் வாதுமைத் தூளும். ஒவ்வொருவரும் ஒரு கரண்டி எடுத்து, சொல்ல வேண்டியதைச் சொன்னார்கள்: "கடவுள் மன்னிக்கட்டும்."

"எதை மன்னிக்கணும்?" என்று ஒருவர் கேட்டார்.

"ரெண்டாயிரத்து மூணு பனியில என்னை ஏத்தாமப் போனதை."

"அது பஸ் இல்ல, ரங்கெல்."

"என் புருஷன் எந்த வீட்டுக்குப் போறான்னு தெரிஞ்சும் அந்த ஸ்டாப்புல தினம் இறக்கி விட்டுச்சே, அதை," என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி.

கூட்டம் கொஞ்ச நேரம் மரியாதையாக மென்றது. அப்புறம்தான் யாரோ ஒயின் பாட்டிலைத் திறந்துகொண்டே கேட்டார்கள்: எங்கே ஊற்றுவது? நாற்பதாம் நாள் ஒயினைக் கல்லறை மண்ணில் ஊற்ற வேண்டும். கல்லறை எங்கே? எல்லோரும் ரங்கெலைப் பார்த்தார்கள். அவன் அன்று பழைய ஓட்டுநர் கோட்டு போட்டு வந்திருந்தான். கோட்டுப் பையில் போன் இருக்கிறதா என்று வெர்கினியா கிளம்பும்போது இரண்டு முறை தொட்டுப் பார்த்திருந்தாள்.

"எனக்குத் தெரியும்," என்றான்.

முன்னால் நடந்தான். ஆறு மாதமாக வாசல் தாண்டாத மனுஷன், ஏற்றத்தில் மூச்சு வாங்காமல் நடந்தான். பின்னால் ஐம்பது பேர், கிண்ணங்களோடு. மேட்டுத் தெரு தாண்டி, பிளம் தோப்பு தாண்டி, ஒரு வான்கோழிக்காரரின் வேலிக்குள் அது நின்றது. மஞ்சள் நிறம் இன்னும் இருந்தது. சக்கரம் இல்லை, செங்கல் மேல் நிறுத்தியிருந்தார்கள். எஞ்சின் இருந்த இடத்தில் வைக்கோல். ஜன்னலுக்கு ஜன்னல் ஒரு வான்கோழி வெளியே பார்த்துக்கொண்டிருந்தது.

"பழைய இரும்புன்னு சொல்லி வாங்கினேன்," என்றார் வான்கோழிக்காரர், கூட்டத்தைப் பார்த்து மிரண்டு. "செத்த வீடுன்னு யாரும் சொல்லல."

முன்சக்கரம் இருக்க வேண்டிய இடத்தில் ஒயினை ஊற்றினார்கள். பாதிரியார் பயணியாக நின்று, கையை மட்டும் கொஞ்சம் அசைத்தார். அதோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் சோன்கா, யோசித்துச் செய்தாளோ கால் தானாகப் போனதோ, பின்வாசல் வழியாக ஏறி, இரண்டாவது ஜன்னலோரம், தன் வழக்கமான இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். அங்கிருந்த வான்கோழி நகர்ந்து இடம் கொடுத்தது. அவளைப் பார்த்து அடுத்தவர், அடுத்தவரைப் பார்த்து இன்னொருவர். பாதிரியார் உட்கார்ந்து அங்கியை மடியில் சுருட்டிக்கொண்டார். தாமதமாக வந்த பென்கோ நின்றுகொண்டே கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

ரங்கெல் ஓட்டுநர் கதவைத் திறந்தான். இருக்கையில் இருந்த எச்சத்தைக் கைக்குட்டையால் துடைத்தான், உட்கார்ந்தான், கண்ணாடியை விரல் நுனியால் சரிசெய்தான். நிக்கோலா சாமி படம் இன்னும் அங்கேயே தொங்கியது. கண்ணாடியில் எல்லோரையும் ஒருமுறை பார்த்தான். வெர்கினியா முன்வாசல் படியில் நின்று அவன் முகத்தைப் பார்த்தாள். சோபாவில் இருந்த முகம் இல்லை அது.

கோட்டுப் பைக்குள் போன் அடித்தது. அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று.

"ரங்கெல், அவர்தான். எடு."

ரங்கெல் இரண்டு கையையும் ஸ்டீரிங்கில் வைத்து, எதிரே வைக்கோல் போரைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஓட்டுறப்ப எடுக்கக் கூடாது."

"ஓடலையே, ரங்கெல்."

அவன் தலைக்கு மேலே ஒட்டியிருந்த தகட்டைக் காட்டினான். ஓட்டுநரோடு பேசாதீர்கள் என்று இருந்தது. வரைந்தது அவள்தான், தொழிற்சாலையில் இருந்த காலத்தில்.

"சாமி, நீங்க சொல்லுங்க," என்றாள்.

"நான் டிக்கெட் இல்லாம ஏறியிருக்கேன்," என்றார் பாதிரியார் மெதுவாக.

"எப்பதான் எடுப்ப?"

"யாராவது இறங்கணும்னு மணி அடிச்சா நிறுத்துவேன். நிறுத்தினா எடுப்பேன்."

போன் நாலாவது முறை அடித்தது, ஐந்தாவது முறை அடித்தது. சோன்கா கைக்கு எட்டிய சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். பின்னால் ஒருவர், நடுவில் இருவர், பென்கோவும் தன் பக்கத்துப் பொத்தானை அழுத்தினார்கள். ஒன்றிலும் சத்தம் வரவில்லை. ஒரு வான்கோழி மட்டும் தொண்டையைச் செருமியது. வெர்கினியா படியேறி, முன்வாசலுக்குப் பக்கத்தில் இருக்கும் பொத்தானைக் கட்டைவிரலால் பலமாக அழுத்தி, விரலை எடுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு, கண்ணாடியில் அவன் கண்களைத் தேடினாள். பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது.